உன் ஊர்ல இருக்குற பாக்கெட் சுறா

கண்ணம்மா,

நல்லா இருக்கியா? ஞாயித்துக்கிழமை ஆனா எங்க போறதுன்னே தெரியலம்மா, நியூ ஆர்லியன்ஸ் பூரா சுத்தியாச்சுன்னு சொன்னல்ல, நீ பாக்காதது ஒண்ணு அங்கயே இருக்கு, துலேன் யுனிவர்சிட்டி மீன் சேகரிப்புல ஒரு குட்டி சுறா. சுமார் 14 சென்டிமீட்டர்தான், உன் கை நீளம்கூட வராது. பாக்கெட் சுறான்னு பேரு.

முன் துடுப்புக்குப் பக்கத்துல ரெண்டு பக்கமும் ஒரு சின்னப் பை இருக்கு, அதுலேர்ந்து மினுமினுன்னு வெளிச்சமா ஒரு திரவத்த விடுமாம், அது போதாதுன்னு உடம்புலயும் குட்டி குட்டியா ஒளிப்புள்ளி. இருட்டுல இரைய ஏமாத்தி கிட்ட இழுக்கத்தான் இதுன்னு நினைக்கிறாங்க. நானும் எத்தன வருஷமா பால்சுறா வாங்கி புட்டு செய்யறேன், துடுப்ப நறுக்குனா அந்த இடத்துல சொரசொரன்னு தோல்தான் இருக்கும், பையாவது ஒண்ணாவது.

2010 பிப்ரவரில மெக்சிகோ வளைகுடாவுல ஸ்பெர்ம் திமிங்கலம் என்ன திங்குதுன்னு பாக்க பிசஸ்னு ஒரு ஆராய்ச்சிக் கப்பல் போச்சு, அதோட வலையில மத்த மீனோட மீனா இதுவும் வந்திருக்கு. யாருக்கும் தெரியல, அப்படியே ஃப்ரீசர்ல கெடந்துச்சு. 2013-ல மார்க் கிரேஸ்னு ஒருத்தர் அந்த சாம்பிளெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தப்பதான் இது கண்ணுல பட்டுச்சு. இந்த வகையில அதுக்கு முன்னாடி உலகத்துலயே ஒண்ணே ஒண்ணுதான் சிக்கியிருந்துச்சு, 1979-ல, பசிபிக்ல நாஸ்கா மலைத்தொடர் பக்கம், அது சுமார் 40 சென்டிமீட்டர். துலேன்காரங்களும் சேந்து பாத்தாங்க, வெட்டிக் கெடுக்கக் கூடாதுன்னு பிரான்ஸ்ல கிரெனோபிள் வரைக்கும் அனுப்பி எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்தாங்க, முதுகெலும்புக் கணக்குகூட ஒத்துப்போகல, வேற இனம்னு முடிவாகி 2019-ல மொல்லிஸ்குவாமா மிஸிஸிப்பியென்சிஸ்னு பேரு வச்சாங்க. அந்தப் பொறுமைய நெனச்சா எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோணுது.

எனக்கு மனச என்னவோ பண்ணது என்னன்னா, அது வயித்துல தொப்புள் தழும்பு இருக்காம். ஆம்பளக் குட்டி, பொறந்து சில வாரம்தான் ஆகியிருக்கும்ங்கறாங்க. அப்ப பெத்தவ அந்தக் கடல்லதானே எங்கயாவது இருந்திருப்பா, இந்த இனத்துல பெரிசு ஒண்ணக்கூட இன்னும் யாரும் பாத்ததில்ல. அது வலையில வந்த ரெண்டே மாசத்துல, ஏப்ரல் 20, அதே வளைகுடாவுலதான் எண்ணெய்க் கிணறு வெடிச்சு 11 பேர் செத்து, 87 நாள் கடலுக்குள்ள எண்ணெய் கொட்டுச்சு. செத்த பறவையையும் ஆமையையும் கரையில எண்ணுனாங்க, ஆழத்துல இந்த மாதிரி பேரே வைக்காததெல்லாம் இருந்துச்சே, அதுக்கு என்ன ஆச்சுன்னு யார் எண்ணுவா சொல்லு, அத நெனச்சு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

அதனால நீ போய்ப் பாருடி. ஆத்துக்கு அந்தப் பக்கம் பெல் சேஸ்லதான் அந்த சேகரிப்பு இருக்கு, மியூசியம் மாதிரி சும்மா உள்ள போய்ட முடியாது, ஆராய்ச்சிக்கு வச்சிருக்கிற எடம், முதல்ல மரியாதையா ஒரு மெயில் போட்டு பாக்க முடியுமான்னு கேளு. பையையும் பாரு, தொப்புளையும் பாரு. விட்டாங்கன்னா ரெண்டையும் போட்டோ எடுத்து அனுப்பு, அப்பாவும் கேட்டுட்டே இருக்கார்.

அம்மா