முகமூடியைக் கையில் ஏந்தி நின்ற செவிலியருக்கு

அன்புடையீர்,

மூச்சுத்திணறலோடு உங்கள் மருத்துவமனையில் இருந்த அப்பா நேற்று மாலை வீடு திரும்பிவிட்டார். அந்த நான்கு நாட்களும் எங்களுடன் நின்ற உங்கள் எல்லோருக்கும் என்ன நடந்தது என்பது தெரியும். நன்றி சொல்லாமல் உறக்கம் வராது என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் இரவுப் பணியில் இருந்த செவிலியருக்கு. மணிக்கட்டுத் தமனியில் எடுத்த இரத்தத்தின் அறிக்கை வந்தபோது, இரத்தம் எவ்வளவு அமிலமாகியிருக்கிறது என்பதைக் காட்டும், 7.35-க்குக் கீழே போகக் கூடாத பி.எச். 7.21 ஆகவும், 45-ஐத் தாண்டக் கூடாத கார்பன் டை ஆக்சைடு 82 ஆகவும் இருந்தன. நுரையீரல் வெளியேற்ற முடியாமல் தேங்கிய அந்த வாயுதான் இரத்தத்தை அமிலமாக்குகிறது, ஆகவே மூச்சுக்கு உடனே துணை வேண்டும் என்று சொல்லி மருத்துவர், முகமூடி வழியே காற்றை அழுத்தித் தள்ளும் பைபேப் கருவியைக் கொண்டுவரச் செய்தார். முகத்தோடு இறுக்கிக் கட்டும் அதன் முகமூடியை அப்பா அரை மயக்கத்திலும் இரண்டு முறை பிடுங்கி எறிந்தார். அமைதிப்படுத்த ஏதாவது மருந்து கொடுக்கக் கூடாதா என்று நான் கெஞ்சியபோது, தளர்ந்திருக்கும் மூச்சை அது இன்னும் அடக்கிவிடும் என்று மறுத்தார்கள். அடுத்தது தொண்டையில் குழாய் செலுத்தி வென்டிலேட்டரில் வைப்பதுதான் என்ற நிலை.

அப்போதுதான் அந்தச் செவிலியர் வந்து முகமூடியின் பட்டைகளைக் கழற்றினார். முகமூடியை அப்பாவின் உள்ளங்கையில் கவிழ்த்துவைத்து, அதிலிருந்து வரும் காற்றை உணரச் செய்தார். பிறகு அதைக் கட்டாமல், தம் கையாலேயே மூக்கோடும் வாயோடும் பொருத்திப் பிடித்துக்கொண்டு, “நீங்கள் மூச்சை இழுங்கள் அப்பா, அது உள்ளே தள்ளும், நீங்கள் விடுங்கள், அது விட்டுக்கொடுக்கும்” என்று காதருகே திரும்பத் திரும்பச் சொன்னார். திமிறும்போது எடுத்தார், அடங்கியதும் மறுபடி வைத்தார். இப்படியே 20 நிமிடங்களுக்கு மேல் குனிந்து நின்றார். அப்பாவின் தோள்கள் தளர்ந்த பின்புதான் பட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டி, மூக்குத்தண்டு புண்ணாகாதிருக்க மெத்தென்ற ஓர் ஒட்டுத்துண்டை வைத்து, காற்று கண்பக்கம் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார்.

ஒரு மணி நேரம் கழித்துப் பி.எச். 7.29. விடியும்போது 7.36. அந்த எண்ணை அவரே ஓடிவந்து சொன்னார். சொல்லும்போது அவர் கண்களும் கலங்கியிருந்தன.

அன்றிரவு நானும் ஒரு பெருந்தவறு செய்யவிருந்தேன். திரையில் ஆக்சிஜன் அளவு 89 என்று கண்டதும் பதறி, ஆக்சிஜனைக் கூட்டும் திருகைத் திருப்பக் கை நீட்டிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார்; ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அப்பாவைப் போல நெடுநாள் நுரையீரல் அடைப்பு உள்ளவர்களுக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும், அதற்கு மேல் ஆக்சிஜனை ஏற்றினால் கார்பன் டை ஆக்சைடு மேலும் தேங்கக்கூடும் என்று விளக்கி, அந்த இரண்டு எண்களையும் ஒரு துண்டுத்தாளில் எழுதித் தந்தார். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவும் எனக்கு அப்போது தோன்றவில்லை. வீடு திரும்பும் நாளில் அவருக்கு விடுப்பு. இந்த மடல் எப்படியாவது அவர் கண்ணில் பட வேண்டும்.

மணிக்கு மணி வந்து பார்த்த மருத்துவர்கள், நெபுலைசரை நேரம் தவறாமல் வைத்தவர்கள், இரத்தம் எடுத்தபோது வலிக்காமல் பார்த்துக்கொண்ட ஆய்வகத்தார், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், எனக்காக இரவில் விழித்திருந்த நண்பர்கள், தம் நாற்காலியை எனக்குத் தந்துவிட்டுத் தரையில் அமர்ந்த பக்கத்துப் படுக்கைக்காரரின் மகள் ஆகிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

அந்தத் துண்டுத்தாளை அப்பாவின் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். இனி எந்த நேரத்தில் எந்த ஆம்புலன்ஸில் ஏற்ற நேர்ந்தாலும், உள்ளே இருப்பவரிடம் முதலில் அதைத்தான் காட்டுவேன்.

நன்றியுடன்,
ஒரு மகன்