கூட்டத்துக்கு நாங்களும் வருகிறோம், வண்ணக்கர் ஐயா

கோயில் பொறுப்பாளர்களான மதிப்புக்குரிய வண்ணக்கர்மாருக்கும் கோயில் நிர்வாக சபையினருக்கும் கிராம அபிவிருத்திச் சங்கத்து அண்ணாமாருக்கும் வணக்கம்.

ஊர்ப்பெயரைப் போடாமல் எழுதுகிறேன். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகிற வீதியில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற ஊர்களில் ஒன்று எங்களுடையது. இங்கே நடப்பதுதான் பக்கத்து ஊர்களிலும் நடக்கிறது, அதனால் பெயர் முக்கியமில்லை.

போன தடவை திருவிழாக் கணக்கு வாசித்த அன்று நான் மண்டபத்துக்கு வெளியே, மடைப்பள்ளிப் பக்கமாய்ப் பாயில் இருந்தேன். என்னோடு அம்மா, மாமி, இரண்டு மச்சாள்மார், இன்னும் முப்பது நாற்பது பெண்கள். உள்ளே பேசுவது ஒலிபெருக்கியில் கேட்டது. யாரோ ஒரு தம்பி எழும்பி, "பொம்பிளையளையும் சபைக்கு எடுத்தா என்ன?" என்று கேட்டான். நல்ல பிள்ளை, யாரென்று இன்னும் எனக்குத் தெரியாது. அதற்கு உள்ளேயிருந்து வந்த பதில் இது: "இந்தப் பெண்ணியக் கதையெல்லாம் வெளிநாட்டுக் காசில வந்தது. எங்கட பண்பாட்டில இல்லாதது. விட்டா நாளைக்கு ஆம்பிளையள்தான் சோறு ஆக்கணும்." மண்டபம் முழுக்கச் சிரித்தது. வெளியே பாயில் இருந்த எங்களிலும் சிலர் சிரித்தோம். அதுதான் என்னை இன்றைக்கும் குடைகிறது.

பண்பாடு என்று சொன்னீர்கள், சரி, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஐயா, உங்கள் குடி, அதாவது நீங்கள் பிறந்த வம்சம், உங்களுக்கு எங்கிருந்து வந்தது? அப்பாவிடமிருந்து வரவில்லை. அம்மாவிடமிருந்து வந்தது, அம்மாவுக்கு அம்மம்மாவிடமிருந்து. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் தமிழருக்கும் குடி தாய்வழிதான், காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கிற முஸ்லிம்களுக்கும் தாய்வழிதான். எந்த வயிற்றில் பிறந்தோமோ அந்த வழி என்பதால்தான் 'வயிற்றுவார்' என்ற சொல்லே எங்களிடம் இருக்கிறது. இன்ன குடிக்கு இன்ன நாள் திருவிழா என்று பிரித்து, அந்தக் குடியின் பேரில் நீங்கள் முன்னுக்கு நின்று காளாஞ்சி என்கிற கோயில் மரியாதையை வாங்குகிற உரிமை உங்கள் தாயின் வயிற்றால் வந்த உரிமை. அந்தத் தாய் சபைக்குள் வந்து ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது எந்தப் பண்பாட்டில் இருக்கிறது?

பழைய காலத்தில் இங்கே பெண்ணாட்சி நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. முக்குவர் சட்டம் என்ற ஒரு வழக்கச் சட்டம் மட்டக்களப்பில் இருந்தது. அதில் முதுசம், அதாவது பரம்பரைச் சொத்து, தாய்வழியாக இறங்கினாலும், ஒரு ஆணின் முதுசம் அவருடைய சகோதரியின் ஆண்மக்களுக்குத்தான் போனது. பெண் வழியாகப் போனது, ஆண் கையில் இருந்தது. 1876இல் ஆங்கிலேயர் மரபுரிமைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்ததோடு அதுவும் வழக்கொழிந்தது. ஆனால் ஒன்று மட்டும் எந்தச் சட்டம் வந்தும் போகவில்லை. மகளுக்கு வீடு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். புருசன் கோபித்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகவேண்டியது அவர்தான், அவள் அல்ல. வேறு இடங்களில் பெண்கள் இதற்காகத்தான் காலகாலமாகப் போராடுகிறார்கள், எங்கள் அம்மம்மாமாருக்கு அது காணி உறுதிப் பத்திரத்திலேயே எழுதியிருந்தது. (இன்றைக்கு அந்த வீட்டோடு காசும் நகையும் மோட்டார் சைக்கிளும் கேட்டு, அண்ணன்மாரைக் கட்டாருக்கு அனுப்பி, அப்பாமாரைக் கடனில் தள்ளுகிற சீதனமாக அதை ஆக்கிவிட்டார்கள். அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதவேண்டும்.)

அந்த உறுதி எப்படிப் போனது என்று எங்கள் வீட்டை வைத்தே சொல்கிறேன். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று எனக்கு ஆறு வயது. அம்மம்மா அம்மாவுக்குக் கொடுத்த கடற்கரை வீடு அடித்தளம் மட்டும் மிஞ்சப் போயிற்று. பிறகு உள்ளுக்கு ஒரு திட்டத்தில் வீடு தந்தார்கள், குறை சொல்லக்கூடாது, நல்ல வீடு. ஆனால் படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அப்பா, "வீடு இவட பேரில இருந்தது, இவட பேருக்கே எழுதுங்க" என்று சொன்னாராம். "தலைவர் நீங்கதானே" என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அப்பாவின் பெயரை எழுதினார். இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளுக்கு இதுதான் நடந்தது. தாய்வழியாகத் தலைமுறை தலைமுறையாய் வந்த வீடு ஒரு கட்டத்துக்குள் நாலு எழுத்தில் ஆணின் பேருக்கு மாறியது. அப்போது இது எங்கள் பண்பாடு இல்லை என்று ஒரு சபையும் தீர்மானம் போடவில்லை.

அரசாங்கத்துக் காணியிலும் இதே கதைதான். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, பெர்மிட் காணிக்கு உரித்தாளர் பேர் கொடுக்காமல் ஒருவர் இறந்தால் மகள்மார் இருந்தாலும் மகனுக்குத்தான் முதலிடம். அக்கா மூத்தவளாய் இருந்து, அந்த வயலில் நாற்று நட்டுக் களை பிடுங்கியிருந்தாலும் தம்பிதான் உரித்தாளி. 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். கிட்டத்தட்ட 87 வருடம்.

எங்கள் அப்பா 2023இல் இறந்தார். அந்த வருடத் திருவிழா வரிக்காசைக் கட்ட நான் போனேன். நான் கணிதம் படிப்பிக்கிற ஆசிரியை, சம்பளம் என்னுடையது, காசு என் கையில். "வீட்டில ஆம்பிளையாள் ஒருத்தரும் இல்லையா புள்ள?" என்று கேட்டார்கள். தம்பி இருக்கிறான் என்றேன். "அவன அனுப்பு, கையெழுத்து வைக்கட்டும்." தம்பிக்கு அப்போது 17 வயது. உயர்தரத்துக்கு வீட்டு மேசையில் கணக்குச் சொல்லிக்கொடுப்பது நான். அவன் பாடசாலை உடுப்போடு வந்து, பேனையை என்னிடம் வாங்கி, கொப்பியில் எங்கே வைப்பது என்று என்னைத்தான் பார்த்தான். நான் விரலால் காட்டினேன். கையெழுத்து வைத்தான். வீட்டுக்கு வருகிற வழியில் "அக்கா, நீங்க வச்சா என்ன?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பதிலை உங்களிடம்தான் கேட்கவேண்டும்.

அப்புறம், அந்தச் சோறு ஆக்குகிற கதை.

நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது அம்மா வீட்டு வேலைக்குக் குவைத் போனா. எங்கள் ஊரில் அப்படிப் போகாத குடும்பம் குறைவு, உங்களுக்கும் தெரியும். நாலு வருடம் அப்பாதான் சோறு ஆக்கினார், தம்பியைக் குளிப்பாட்டினார், எனக்கு இரட்டைப் பின்னல் பின்னி ரிபன் கட்டினார். வகிடு எப்போதும் கோணல். பின்னல் ஒன்று உயரத்திலும் மற்றது காதுக்குக் கீழேயும் நிற்கும், வகுப்பில் பிள்ளைகள் பார்த்துப் பார்த்துச் சொல்வார்கள், எனக்கு அது அப்பா பின்னியது என்பதுதான் பெருமை. ஆனால் அப்பாவைச் சந்தியில் நக்கல் அடித்தார்கள். ஒருநாள் முன்வாசல் கொடியை அவிழ்த்துக்கொண்டுபோய்ப் பின்வளவில் கட்டினார். ஏன் என்று அப்போது விளங்கவில்லை. பெண்பிள்ளையின் உடுப்புத் தோய்த்துக் காயப்போடுவதை வீதியால் போகிற ஆண்கள் பார்க்கக்கூடாது என்றுதான். பெண்ணியம் என்றால் ஆண்களை வெறுப்பது என்று சொல்கிறவர்களே, என் அப்பாவைக் கொடியை மாற்றிக் கட்ட வைத்தது எந்தப் பெண்ணியவாதி? தன் பிள்ளைக்குத் தலை பின்னுகிற ஒரு மனிதனை வெட்கப்பட வைத்த அந்த நினைப்பு மாறவேண்டும் என்பதுதான் நான் கேட்கிற சமத்துவம். அதில் அவருக்கும் பங்கு இருந்தது.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்லவேண்டும். வீட்டில் அடி வாங்கிக்கொண்டு ஒரு பெண் வந்தால், சபையிலும் சங்கத்திலும் இருவரையும் கூப்பிட்டு இருத்தி, "பிள்ளையளுக்காகப் பொறுத்துக்கொள்" என்று சேர்த்து அனுப்புகிறீர்கள். நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த இடத்தில் அவள் பக்கம் இருந்து பேச ஒரு பெண்கூட இல்லை, அடி எங்கே பட்டது என்று எட்டு ஆண்களுக்கு முன்னால் அவளால் சொல்லவும் முடியாது. 2019இல் அரசாங்கப் புள்ளிவிபரத் திணைக்களம் நாடு முழுக்க எடுத்த ஆய்வில், 15 வயதுக்குப் பிறகு உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ பட்ட பெண்கள் நாலில் ஒருவர் என்று வந்தது. எங்கள் பாயில் நாற்பது பேர் இருந்தோம் என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு வன்முறையைத் தடுக்க 2005இலிருந்து சட்டம் இருக்கிறது, நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம், 1938 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். சமாதானம் பேசுவதற்கு முதல் இதையாவது அவளுக்குச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுக் காசு என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. 90களில், போர் உக்கிரமாய் நடந்த நேரத்தில், மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தைக் கட்டி வளர்த்தவர்கள் இந்த நாட்டுப் பெண்கள். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து பெண்ணியம் எழுதிய சித்திரலேகா மௌனகுரு தமிழிலும்தான் எழுதினார். 2022இல் சாமான் விலை ஏறிச் சனம் தவித்தபோது, மட்டக்களப்பு நகரில் நீதி கேட்டு நாளுக்கு நாள் நடந்தவர்களும் எங்கள் அக்காமார்தான், அவர்களை யாரும் கப்பலில் இறக்கவில்லை. உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கி 2018இல் தேர்தலே நடந்துவிட்டது. பிரதேச சபையில் கதிரை போட்டு இருக்கிற பெண், கோயில் கூட்டம் என்றால் வெளியே பாயில் இருக்கிறாள்.

கண்ணகை அம்மனின் வைகாசிச் சடங்கில் நீங்கள் வழக்குரை படிக்கும்போது நான் சின்ன வயதிலிருந்தே கண் கொட்டாமல் கேட்பேன். புருசனை இழந்த ஒருத்தி, துணைக்கு ஒரு ஆண் இல்லாமல், யாரும் கூப்பிடாமல், ஒற்றைச் சிலம்போடு அரச சபைக்குள் ஏறி நின்று வழக்குரைத்தாள். "வீட்டில ஆம்பிளையாள் இல்லையா" என்று வாசலில் அவளை மறித்திருந்தால் எங்களுக்கு அம்மனும் இல்லை, அவளுக்குச் செய்கிற குளிர்த்திச் சடங்கும் இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். 'வீட்டுக்கு ஒரு ஆண்' என்று கொப்பியில் இருப்பதை 'வீட்டுக்கு ஒருவர்' என்று மாற்றுங்கள். குடிக்கு ஒரு வண்ணக்கர் இருப்பதுபோல் குடிக்கு ஒரு பெண்ணையும் சபைக்கு எடுங்கள், யாரை என்று அந்தக் குடிப் பெண்களே சொல்லட்டும். குடும்பப் பிரச்சினை விசாரிக்கிற அன்று குறைந்தது இரண்டு பெண்கள் கூட இருக்கவேண்டும்.

படித்த பிள்ளை, கல்யாணம் பேசுகிற வயதில் இதெல்லாம் உனக்கு ஏன் என்று மாமி கேட்டா. இதை வாசித்துவிட்டு வேண்டாம் என்று போகிற மாப்பிள்ளை போகட்டும் என்று சொல்லிவிட்டேன். மாமி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கூட்டம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டா.

சடங்குக்கு அம்மன் கோயில் கதவு திறப்பதற்கு முன்னால் வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான், அம்மா, மாமி, மச்சாள்மார் எல்லாரும் வருகிறோம். பாயை நாங்களே கொண்டுவருவோம். மண்டபத்துக்குள் இடம் ஒதுக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குடியில் பிறந்த மகள்