மணல்திட்டில் நிற்பவை வேற்றுப் பறவைகள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் கடந்த வார இதழில், மட்டக்களப்பு வாவியின் கழிமுகத்து மணல்திட்டில் எடுக்கப்பட்ட படமொன்றின் கீழ், வெள்ளை ஆலாக்களுக்கு (மீன் பிடித்துண்ணும் நீர்ப்பறவைகள்) நடுவே பழுப்பு நிறத்தில் நிற்பவை வெளியிலிருந்து வந்து சேர்ந்த புதிய இனம் என்று குறிப்பிடப்பட்டிருந்தது. அவை எங்கிருந்தும் வந்தவை அல்ல. இந்தக் கச்சான் (தென்மேல் காற்று) காலத்தில் அதே மணலில் பொரித்து வளர்ந்த சின்ன ஆலாவின் குஞ்சுகளே அவை. விஞ்ஞான ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றபின், ஆண்டுதோறும் இம்மாதங்களின் காலை வேளைகளை அத்திட்டின் எதிர்க்கரையில் தொலைநோக்கியோடு கழித்து வருபவன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன்.

சின்ன ஆலாவின் குஞ்சு, பொரித்த நாளில் மணலின் நிறத்தில், கறுப்புப் புள்ளிகள் தூவிய மென்தூவியோடு இருக்கும். ஏறத்தாழ மூன்று வாரங்களில் அது பறக்கத் தொடங்கும்போது, முதுகிலுள்ள இறகுகளில் கருமையான வளைகோடுகள் விழுந்திருப்பதால், மேற்புறம் முழுவதும் மீன் செதில் போலத் தோன்றும். அலகு கருமை படிந்திருக்கும். சிறகின் முன்விளிம்பில் கரிய பட்டை ஒன்று ஓடும். தங்கள் படத்தில் தெளிவாகத் தெரிவது இக்கோலமே. சில மாதங்களில் செதில்கள் மறைந்து முதுகு சாம்பல் நிறமாகிவிடும். முதிர்ந்த பறவைக்கோ, இனப்பெருக்கக் காலத்தில், நுனி மட்டும் கறுத்த மஞ்சள் அலகும், கறுத்த உச்சியும், அலகிலிருந்து கண்வரை செல்லும் கரிய கோடும் உண்டு.

குழப்பம் நேர்வது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஓராண்டுப் பறவையில்தான். நெற்றி வெள்ளையாக இருந்தால் இளம்பறவை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இனப்பெருக்கக் காலத்தில் அலகின் அடிவரை உச்சி கறுக்கும் சாதாரண ஆலா போன்ற இனங்களுக்கு அவ்விதி பொருந்தும். சின்ன ஆலாவுக்கு அது பொருந்தாது. முட்டையின்மேல் அமர்ந்திருக்கும் தாய்ப்பறவையின் நெற்றியும் வெள்ளையே. அலகின் கருமை, கண்ணுக்கு முன்னுள்ள கோடு இல்லாமை, சிறகுப் பட்டை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தே ஓராண்டுப் பறவை எனக் கொள்ள வேண்டும். கால்களின் நிறத்தை நான் இங்கு சேர்க்கவில்லை. சோன்டர்ஸ் ஆலா என்னும் நெருங்கிய உறவினத்தில் முதிர்ந்த பறவைகளுக்கும் கால்கள் மங்கலாகவே இருக்கும். மாதத்தையும் மறந்துவிடக் கூடாது. குஞ்சு வளர்த்து முடித்த பெரிய பறவைகளும் இறகு உதிர்த்து, அலகு கறுத்து, ஓராண்டுப் பறவையின் தோற்றத்தை நெருங்கிவிடுவதால், வைகாசியில் நம்பத்தக்க அடையாளம் புரட்டாதியில் நம்பத்தக்கதாக இருப்பதில்லை.

இத்தகைய தவறு அறிஞர்களுக்கும் நேர்ந்துள்ளது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டுக்கு அருகே கிடைத்த ஓர் ஆலாவை, பறவையியலாளர் ரொபர்ட் ரிட்ஜ்வே 1874 இல் தனி இனமாகக் கருதிப் பெயரிட்டார். அது ஓராண்டு வயதான வடதுருவ ஆலா என்பது பின்னரே புலனாயிற்று.

வயதைப் பிரித்தறிவதில் நான் இவ்வளவு அக்கறை கொள்வதற்குக் காரணம் உண்டு. சின்ன ஆலா பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வயதில்தான் முட்டையிடத் தொடங்குகிறது. எனவே திட்டில் நிற்கும் எல்லாப் பறவைகளையும் ஒரே தொகையாக எண்ணி எழுதினால், அவற்றுள் எத்தனை முட்டையிடக்கூடியவை, இவ்வாண்டு எத்தனை குஞ்சுகள் பறக்கும் நிலைவரை பிழைத்தன என்பவை மறைந்துபோகும். நாய்களும் காகங்களும் குஞ்சுகளை முற்றாகத் தின்றுவிட்ட ஆண்டிலும், பெரிய பறவைகள் நீண்டகாலம் வாழ்பவையாதலால், கூட்டம் குறையாததுபோலவே தோன்றும். செதில் முதுகுப் பறவைகளைத் தனியே எண்ணியிருந்தால் மட்டுமே அந்த இழப்பு கணக்கில் வரும்.

இறகு சொல்லும் வயதுக்கும் ஓர் எல்லை உண்டு. முழு வளர்ச்சிக் கோலம் வந்த பின், மூன்று வயது ஆலாவையும் பத்து வயது ஆலாவையும் தோற்றத்தால் பிரிக்க இயலாது. ஆய்வாளர் இட்ட அடையாள வளையம் காலில் இருந்தால்தான் வயது தெரியும். பசிபிக்கின் மிட்வே தீவில் பறவையியலாளர் சாண்ட்லர் ராபின்ஸ் 1956 இல் வளையமிட்ட லேய்சன் அல்பட்ரோஸ் என்னும் பெரிய கடற்பறவை ஒன்று, விஸ்டம் என்ற பெயரோடு, 2024 இறுதியிலும் முட்டையிட்டது. அதற்கு எழுபது வயது கடந்துவிட்டதை நாம் அறிவது அந்த வளையத்தினால் மட்டுமே.

படம் எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மேற்சொன்ன அடையாளங்கள் அனைத்தையும் எதிர்க்கரையிலிருந்தே தொலைநோக்கியில் காணலாம். திட்டின்மேல் நடந்தால் தாய்ப்பறவைகள் எழுந்துவிடும். நண்பகல் வெயிலில் நிழலற்ற முட்டைகள் சிறிது நேரத்திலேயே வெந்துபோகும். மணல்நிறக் குஞ்சுகளோ மிதிபடும்வரை கண்ணுக்குத் தெரியா. இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது, அவை எடுக்கப்பட்ட திகதியையும் கட்டாயம் சேர்த்து அச்சிடுமாறு தங்களைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். திகதி தெரிந்தால், அலகு கறுத்த பறவை இளையதா, இறகு உதிர்க்கும் முதியதா என்பதை வாசகர்களே ஓரளவு கணித்துக்கொள்ள முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.