அந்த டீச்சரை வகுப்புக்குத் திருப்பி அனுப்புங்கள்

எங்கள் வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. தரம் 11 வரலாற்று ஆசிரியையின் விவகாரம் உங்கள் மேசையில்தான் கிடக்கிறது. முதலிலிருந்து சொல்லத் தேவையில்லை. அவரிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் தாயாக எழுதுகிறேன். விசாரணை முடியும்வரையாவது அவரை வகுப்புக்குத் திருப்பி அனுப்புங்கள்.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தைப் பற்றி ஒரு பிள்ளை வகுப்பில் கேட்டது. வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்ததையும், வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதையும் டீச்சர் சொன்னார். இன்னொரு பிள்ளை கேட்டபோது, 1990 ஒக்டோபரில் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரக் கெடுவில் வெளியேற்றியதையும் அப்படியே சொன்னார். யாரோ அதைப் பதிந்து, வெட்டி வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டார்கள். ஒரு துண்டைக் கேட்டவர்களுக்கு அவர் இனவாதி, மற்றதைக் கேட்டவர்களுக்குத் துரோகி. முழுப் பாடத்தையும் கேட்ட பிள்ளைகளிடம் எவரும் எதுவும் விசாரிக்கவில்லை.

இப்போது அவர் உங்கள் அலுவலகத்தில் 'தற்காலிக இணைப்பு'. காலையில் கையெழுத்து வைத்துவிட்டு, கோப்பு அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் பின்னேரம்வரை இருக்கிறார். வேலை ஏதும் கொடுப்பதில்லை. பிள்ளைகள் கொடுத்துவிடும் கொப்பிகளை மடியில் வைத்துத் திருத்துகிறார். நான் கொப்பிகளோடு போயிருந்தபோது ஒரு உத்தியோகத்தர், "கடிதத்தில சைன் வச்சா நாளைக்கே ஸ்கூலுக்குப் போகலாமே டீச்சர்" என்றார். தவறான தகவல் சொன்னதாக ஒப்புக்கொள்ளும் கடிதம் அது. "எது பிழையெண்டு காட்டுங்கோ, வைக்கிறன்" என்றார் அவர். இன்றுவரை யாரும் காட்டவில்லை.

எப்படிக் காட்டுவது? இரண்டும் நடந்தவை. 83இல் வீடு எரிந்த குடும்பத்துப் பிள்ளையும், 90இல் யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் அகதி முகாமுக்குப் போன குடும்பத்துப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கும் வகுப்பு அது. அவரவர் வீட்டுக் கதை அவரவருக்குத் தெரியும். மற்ற வீட்டுக் கதையை அன்றுதான் கேட்டார்கள். நல்லிணக்கம் என்று மேடைக்கு மேடை பேசுகிறீர்களே, அது நடந்த ஒரு வகுப்பறையை ஏன் ஐயா பூட்டினீர்கள்? மற்ற ஆசிரியர்களும் பயந்துபோய், கேள்வி கேட்கும் பிள்ளையை இருத்திவிட்டுப் புத்தகத்தை வாசிக்கிறார்களாம்.

கோபம் எழுத்தில் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சாதாரண தரத்தில் வரலாறு கட்டாயப் பாடம். பதில் ஆசிரியர் இன்னும் வரவில்லை. பணிவாகக் கேட்கிறேன்: முழு ஒலிப்பதிவையும் கேளுங்கள், பிள்ளைகளையும் விசாரியுங்கள். அதுவரை டீச்சர் வகுப்பில் இருக்கட்டும். அந்தக் கடிதத்தை மட்டும் இனி அவர் முன்னால் நீட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தரம் 11 மாணவி ஒருவரின் தாய்,
கொழும்பு