சேற்றில் பிறந்த பெல்ட்

திருவையாறு பக்கம்,
தை மாதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் நாவலின் முதல் ஆறு அத்தியாயங்கள் வந்து பத்து நாளாகிறது. உடனே எழுத முடியவில்லை, சம்பா அறுப்பு. கதிர் முற்றி நிற்கும்போது ஒரு மழை பிடித்து, கீழ வயல் முழுக்கச் சாய்ந்துவிட்டது. டயர் மெஷின் இறங்கினால் புதைந்துவிடும் என்று, சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுப்பு மெஷினுக்குச் சொல்லிவிட்டு நாலு நாள் காத்திருந்தேன். ஐந்தாம் நாள் ராத்திரிதான் வந்தது. லைட்டைப் போட்டுக்கொண்டு அறுத்தார்கள். நான் வரப்பிலிருந்து இறங்கி, அது போன தடத்தில் கையை விட்டுப் பார்த்தேன். பக்கத்தில் என் கால் புதைந்திருந்த ஆழத்தில் பாதிகூட அது புதையவில்லை. அத்தனை இரும்பின் கனத்தையும் அந்த நீள பெல்ட் தரையில் பரப்பிக் கொடுத்துவிடுகிறது.

நெல் ரோட்டில் காய்கிறது. ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். காவலுக்கு உட்கார்ந்த இரண்டு ராத்திரியிலும் டார்ச் வெளிச்சத்தில் உன் கதையைத்தான் மறுபடி படித்தேன்.

இரண்டு கிரகங்களுக்கு நடுவே 60 வருஷ யுத்தம். அத்தியாயத்துக்கு ஒரு புதுக் கப்பல், ஒரு புது ஆயுதம். உன் வயசான இன்ஜினியர் ஓர் இடத்தில், "சண்டை வராமல் இருந்திருந்தால் நாம் இன்னும் தரையில்தான் நடந்துகொண்டிருப்போம்" என்கிறார். அந்த வரியோடுதான் எனக்குச் சண்டை.

அந்த பெல்ட் எங்கே பிறந்தது தெரியுமா? கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் என்று ஓர் ஊர். அதை ஒட்டி சான் வாக்கின் ஆற்று டெல்டா, நம் கீழ வயல் மாதிரியே காலை வாங்கும் மண். நீராவி டிராக்டர்கள் அங்கே புதைந்து புதைந்து நின்றன. 1904ல் பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் சக்கரத்தைக் கழற்றிவிட்டு பெல்ட் மாட்டி ஓட்டிப் பார்த்தார். பத்து வருஷம் கழித்து உலகப் போர் வந்தபோது அதே ஹோல்ட் டிராக்டர்கள் பீரங்கி இழுத்தன. அவற்றைப் பார்த்துக் கிளம்பிய யோசனைகளில் ஒன்றுதான் டாங்கி. 1916 செப்டம்பரில் சோம் போர்க்களத்தில் முதல் தடவை இறங்கியது. உழவுக்கென்று வந்ததைப் போர் எடுத்துக்கொண்டது. எனக்குத் தெரிந்தவரை போர் பெரும்பாலும் இப்படித்தான், அறுப்பு மெஷின் மாதிரி. வெகு வேகம், ஆனால் விதை அதனிடம் கிடையாது.

ஏவுகணையைச் சொல்வாய். சரி, 1942 அக்டோபரில் ஜெர்மனியின் பீனமுண்டேயிலிருந்து வி-2 ஏவுகணை வெற்றிகரமாகக் கிளம்பியது, இரண்டே வருஷத்தில் லண்டன்மேல் விழுந்தது. அந்த வேகத்தைப் போர்தான் கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் 1927லேயே விண்வெளிக்குப் போகவேண்டும் என்று ஆசைப்பட்ட சிலர் அந்த நாட்டில் ஒரு சங்கம் வைத்து, சொந்தக் காசில் ராக்கெட் செய்துகொண்டிருந்தார்கள். வி-2வை உருவாக்கிய வெர்னர் வான் பிரவுன் அங்கிருந்து வந்தவர். ராணுவம் பணத்தோடு பின்னால்தான் வந்தது. இன்னொன்றையும் நீ எழுதியாக வேண்டும். மலைக்குள் குடைந்த தொழிற்சாலையில் கைதிகளை அடைத்து வைத்து வி-2 செய்தார்கள். அது விழுந்து செத்தவர்களைவிட, அதைச் செய்யும்போது செத்தவர்கள் அதிகம். உன் கதையில் கப்பல்களெல்லாம் பளபளவென்று வந்து நிற்கின்றன. செய்த கை ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

நீண்ட போரில் புதுசு புதுசாக வருவதும் குறைந்துவிடும் என்று நினைக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் லிபர்ட்டி என்று ஒரே வகைச் சரக்குக் கப்பல் 2,710 கட்டினார்கள். ஒன்றை 4 நாள் 15 மணி நேரத்தில் முடித்தார்கள். அத்தனை அவசரத்திலும் அதில் வைத்த எஞ்சின் 19ஆம் நூற்றாண்டு நீராவி எஞ்சின்! புது டர்பைன் போர்க்கப்பல்களுக்கு வேண்டியிருந்தது, பழசையோ பல பட்டறைகளில் செய்து தள்ளலாம். உன் 40ஆம் வருஷக் கப்பல் அப்படி இருக்கட்டும். தாத்தா ஓட்டிய அதே கப்பல், அதே வால்வு இடுக்கு, எல்லோருக்கும் மனப்பாடமான அதே சத்தம். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

சமாதான காலத்தைத் தலையில் தூக்கி வைக்கிறேன் என்று நினைக்காதே. அதற்கும் ஒரு நோய் உண்டு. போருக்கு முன் அமெரிக்கக் கடற்படை மார்க் 14 என்று ஒரு டார்பிடோ, தண்ணீருக்கடியில் ஓடிப்போய்க் கப்பலை வெடிக்கும் ஆயுதம், வைத்திருந்தது. விலை அதிகம், வீணாக்கக் கூடாது என்று அதைச் சரியாக வெடிக்க வைத்துப் பார்க்கவே இல்லை. போர் வந்ததும், வைத்த ஆழத்தைவிடப் பத்தடி கீழே ஓடியது. அதைத் திருத்தினால் அடுத்த கோளாறு. கப்பலின் விலாவில் நேராகப் போய் மோதினால் உள்ளே ஊசி நசுங்கி வெடிக்காது, சாய்வாக உரசினால் வெடிக்கும். நல்ல குறிதான் வீண். 1943 வரை ஆயிற்று, முழுக்கச் சரிசெய்ய. யோசித்துப் பார், நூறு வருஷம் பூஜையறையில் வைத்த மாதிரி துடைத்து வைத்த ஆயுதம், முதல் நாள் எதிரிமேல் பட்டு 'டொக்' என்று நின்றுவிடுகிறது. அதற்கு ஓர் அத்தியாயம் எழுதலாம்.

நம் நாட்டில் வரிசையே வேறு. மற்றவர்கள் பெரும்பாலும் ஏவுகணையிலிருந்து செயற்கைக்கோளுக்குப் போனார்கள். முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கைத் தூக்கிய ரஷ்ய ராக்கெட் ஆர்-7ம் அணுகுண்டு சுமக்கச் செய்ததுதான். நாமோ 1980ல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டில் ரோகிணி செயற்கைக்கோளை அனுப்பிவிட்டு, அந்த ராக்கெட்டின் முதல் கட்ட மோட்டாரைக் கொண்டுபோய் 1989ல் அக்னி ஏவுகணையில் வைத்தோம். இரண்டிலும் கலாம் இருந்தார், நம் திருச்சி ஜோசப் கல்லூரியில் படித்தவர். 1960களில் அவர் நாசாவின் வாலப்ஸ் ராக்கெட் தளத்துக்குப் போனபோது, சுவரில் திப்புவின் படை ராக்கெட் விடும் ஓவியத்தைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் இதே காவிரி நடுவே இருக்கும் தீவு என்பது அதைப் படிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இரும்புக் குழாயில் மருந்தடைத்த அந்த ராக்கெட்டைத்தான் ஆங்கிலேயர்கள் எடுத்துப்போய் காங்கிரீவ் ராக்கெட் செய்தார்கள். ஆனால் 1781ல் திப்புவின் அப்பா ஐதர் படை தஞ்சாவூருக்குள் வந்தபோது இங்கே வயல் கருகி, ஜனங்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அந்த ராக்கெட்டை நினைத்துப் பெருமைப்படும்போதெல்லாம் அந்த வருஷமும் கூடவே வந்து நிற்கிறது எனக்கு.

ஆகவே என் யோசனை: நடுவில் இருபது வருஷம் சண்டையை நிறுத்து. அதில் யாரோ ஒருத்தி எதற்கும் உதவாத மாதிரி ஒன்றைச் செய்யட்டும், செடிக்குத் தண்ணீர் பாய்ச்சவோ, விதை காயவைக்கவோ. சண்டை மறுபடி தொடங்கும்போது அவளிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போகட்டும். இன்ஜினியர் அந்த வரியைச் சொல்லட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது சொல்லட்டும்.

ஒன்பதாம் வகுப்பில் நாம் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையில் இரண்டு இதழ் இன்னும் பரணில் இருக்கிறது. நேற்று எடுத்தேன். ஓரம் கரையான் தின்றிருந்தாலும் உன் விண்கலம் முழுசாக இருக்கிறது. முன்னால் இரண்டு பீரங்கி, பின்னால் புகைக்கூண்டு, நடுவில் சமையல்கட்டு. பக்கத்தில் கொல்லை, அதில் ஒரு வாழை, குலை தள்ளியிருக்கிறது. இப்போது எழுதும் ஆறு அத்தியாயத்தில் உன் கப்பலில் யாரும் ஒரு வாய் சாப்பிடவில்லை, கவனித்தாயா? அந்தக் கொல்லையைத் திரும்பக் கொண்டு வா.

ஏழாவது அத்தியாயம் முடிந்ததும் அனுப்பு. மாசி மகத்துக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல், புது நெல்லில் அவல் இடித்து வைக்கச் சொல்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்