சைக்கிளில் அடிபட்டால் யார் காசு தருவார்?

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
ஞாயிறு இரவு

அன்பின் சிவா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்று வாசித்ததும்தான் மனம் ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல்லு. இங்கே எல்லோரும் சுகம். மழை மட்டும் பின்னேரமானால் விடாமல் பெய்கிறது.

மகன் அடுத்த மாதம் கோட்டையில் வேலைக்குச் சேர்ந்து, வெள்ளவத்தையிலிருந்து சைக்கிளில் போய்வரப் போகிறான் என்று எழுதியிருந்தாய். நல்ல முடிவு. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் சைக்கிளுக்கு மாறிய பலர் இன்னும் அதைக் கைவிடவில்லை. காலி வீதியை விட்டு மரின் டிரைவ் வழியாகப் போகச் சொல்லு. பஸ் நெருக்கடி அங்கே குறைவு. ஆனால் “அடிபட்டால் இன்சூரன்ஸ் வருமா?” என்று நீ கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் எழுத முடியாது மச்சான்.

சைக்கிளுக்குக் கட்டாயக் காப்புறுதி என்று நம் நாட்டில் ஒன்று இல்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந்தரப்புக் காப்புறுதியை, அதாவது வாகனத்தால் பிறருக்கு நேரும் தீங்குக்கான காப்புறுதியை, கட்டாயமாக்கியது மோட்டார் வாகனங்களுக்குத்தான். ஆகவே கார், பஸ், ஓட்டோ ஏதாவது மோதினால் காசு வரவேண்டியது அந்த வாகனத்தின் பொலிசியிலிருந்து. அதில் கட்டாயமான பகுதி உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் உரியது. சைக்கிள் நொறுங்கியது பொருட்சேதம். அதற்கு எவ்வளவு கிடைக்கும் என்பது அந்த வண்டிக்காரர் எடுத்திருக்கும் பொலிசியின் வரம்பைப் பொறுத்தது.

பலரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. மூன்றாந்தரப்புக் காப்புறுதி, அடிபட்ட எல்லோருக்கும் தானாகக் கிடைக்கிற உதவிப்பணம் இல்லை. சாரதியின் பிழையால் நடந்தது என்று நிறுவினால்தான் காப்புறுதிக் கம்பனி அவருக்காகக் காசு கட்டும். பிழை இருபக்கமும் இருந்தால் 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றம் அதைப் பங்கு பிரிக்கும். மொத்த நட்டம் 10 இலட்சம், உன் மகனின் பிழை 30 வீதம் என்று கண்டால் கையில் வருவது 7 இலட்சம். இரவில் லைட் இல்லாமல் போனது, எதிர்ப்பக்கமாக ஓடியது, காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போனது எல்லாம் அந்த 30 வீதத்துக்குள் போய்ச் சேரும். முன்னுக்கு வெள்ளை லைட்டும் பின்னுக்குச் சிவப்பு லைட்டும் பூட்டாமல் அவனை ஒருநாளும் இரவில் றோட்டில் இறங்க விடாதே.

பிழையை நிறுவுவது கடதாசிகள். அவை முதல் இரண்டு மணித்தியாலத்தில் உருவாகாவிட்டால் பிறகு உருவாகாது. காயம் பெரிதென்றால் வேறு எதையும் யோசிக்காமல் 1990க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், பொலிசுக்கு 119. எழுந்து நிற்க முடிந்தால், சைக்கிளைத் தூக்கி ஓரத்தில் சாத்துவதற்கு முன்பே விழுந்த இடத்தோடு சேர்த்துப் படம் எடுக்க வேண்டும். பிறகு வாகன இலக்கத் தகடு, வருமான உத்தரவுப் பத்திரம், காப்புறுதி அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம் நான்கையும் படம் எடுக்கட்டும். கையால் எழுதினால் ஓர் எழுத்து மாறி, வேறு யாருடையதோ வாகனத்தைத் தேடிக்கொண்டு திரிய வேண்டி வரும். நிறுத்திய காரின் கதவு திடீரெனத் திறந்து அடிபட்டால், கதவு திறந்திருக்கும்போதே ஒரு படம் வேண்டும். அதை மூடிவிட்டால் “அவன்தான் வந்து நின்ற காரில் மோதினான்” என்ற கதை வந்துவிடும்.

வண்டிக்காரர் தன் கம்பனிக்கு அழைத்தால் கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து படமெடுப்பார். அவர் மரியாதையாகத்தான் பேசுவார். ஆனால் அவர் பார்க்க வந்தது அந்தக் காரை. அவர் நீட்டுகிற எதிலும் வாசிக்காமல் கையெழுத்து வைக்கக்கூடாது. அதே இடத்தில் 5,000 ரூபாவைக் கையில் வைத்து “இத்தோடு முடிப்போம்” என்றாலும் வாங்கக்கூடாது. விழும்போது கையை ஊன்றினால் பெருவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் ஸ்கபொயிட் என்ற சின்ன எலும்பு முறியலாம். முதல் எக்ஸ்ரேயில் அது பல தடவை தெரியாது. பத்துப் பதினான்கு நாள் கழித்துத் திரும்ப எடுத்தால்தான் தெரியும். அதற்குள் “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று எழுதிக் கொடுத்திருந்தால் வழக்குக்கு அதுவே பெரிய முட்டுக்கட்டை.

பொலிஸில் முறைப்பாடு கொடுக்கும்போது வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி “இதில் சைன் பண்ணுங்கோ” என்பார்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் கையெழுத்து வேண்டாம். தமிழில் அலுவல் பார்க்கும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது, அதைப் பணிவாகக் கேட்டு வாங்கட்டும். எந்தத் திசையில் போனான், வாகனம் எந்தப் பக்கத்தால் வந்தது, லைட் எரிந்ததா என்ற மூன்றும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். பிரதியைப் பிறகு விண்ணப்பித்து எடுக்கலாம்.

ஆஸ்பத்திரியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவில் “என்ன நடந்தது?” என்று கேட்கும்போது வலியில் “விழுந்துட்டன்” என்று சொன்னால், பெட் ஹெட் டிக்கெட் என்ற நோயாளிக் குறிப்பில் அப்படியே ஏறும். இரண்டு வருடம் கழித்து எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த ஒரு சொல்லைத்தான் தூக்கிப் பிடிப்பார். “கார் அடித்தது” என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிக்கும் படிவத்தைப் பொலிஸ்தான் கொடுக்கும். ஆஸ்பத்திரிப் பொலிஸ் காவலரணில் கேட்கலாம். டயக்னோசிஸ் கார்ட், மருந்து பில், ஓட்டோக் காசு, சம்பளம் வெட்டுப்பட்ட கடிதம் எல்லாம் ஒரே ஃபைலில் கிடக்கட்டும். பில் இல்லாத செலவுக்குக் காசு கேட்பது கஷ்டம்.

சைக்கிளைத் திருத்த முன் கடையில் எழுத்தில் எஸ்டிமேட் எடுக்க வேண்டும். முன்பக்கத்தால் மோதிய சைக்கிளில் எல்லோரும் நெளிந்த ரிம்மைத்தான் பார்ப்பார்கள். உண்மையான சேதம் ஹாண்டில் குழாய்க்குப் பின்னால் இருக்கும். பெடல் பக்கம் இறங்கும் கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில், ஹாண்டில் குழாயிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் பின்னுக்கு விரலை ஓட்டிப் பார். பெயின்ட் மெல்லிய மடிப்பாகச் சுருங்கியிருந்தால், அல்லது மயிர்க்கோடு போல வெடித்திருந்தால் பிரேம் போய்விட்டது. முன்சில்லைப் பிடித்திருக்கும் போர்க்கைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் பின்னுக்குத் தள்ளுண்டது தெரியும். அந்தச் சைக்கிளை நிமிர்த்தி ஓடக்கூடாது, எஸ்டிமேட்டில் பிரேமும் போர்க்கும் சேர வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை எறிய வேண்டாம்.

பேச்சுவார்த்தையில் முடியாவிட்டால் வழக்கு. விபத்து நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும், பிந்தினால் வழி அடைபட்டுவிடும். வழக்கு சாரதிமேலும் உரிமையாளர்மேலும். தீர்ப்பான காசைக் கம்பனி கட்ட வேண்டுமென்றால், வழக்குப் போட முன்போ, போட்டு 7 நாட்களுக்குள்ளோ கம்பனிக்கு அறிவித்தல் போயிருக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் கையில் தீர்ப்பு இருக்கும், காசு கட்டக் கம்பனி இருக்காது. பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை வைத்துக்கொள்ளச் சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். அடித்துவிட்டு ஓடிய வாகனம் பிடிபடாவிட்டால் வீதிப் பாதுகாப்புத் தேசிய சபையிடம் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் அடிப்படை பொலிஸ் முறைப்பாடுதான்.

இதெல்லாம் இன்னொரு வாகனம் இருந்தால். மழையில் வழுக்கி அவனே விழுந்தால், நாய் குறுக்கே ஓடினால், எந்தக் கம்பனியிடம் போவது? அதனால்தான் அவன் பெயரில் ஒரு தனிநபர் விபத்துப் பொலிசி எடுக்கச் சொல்கிறேன். புதுச் சைக்கிளுக்கு வைத்திருக்கும் காசில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்கு. உயிரிழப்பு, நிரந்தர அங்கவீனம் இரண்டோடும் நிறுத்திவிடாமல், வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கான கொடுப்பனவும் வைத்தியச் செலவும் சேர்ந்ததாகப் பார். விலக்குகள் எழுதிய பக்கத்தை முதலில் வாசி. போட்டி ஓட்டம், மதுபோதை இரண்டும் பெரும்பாலும் விலக்கு. மோட்டார் பூட்டிய சைக்கிள் என்றால் அதை எழுத்தில் சொல்லிச் சம்மதம் வாங்கு. வீட்டுக் காப்புறுதி இருந்தால் அதில் தனிநபர் பொறுப்பு சேர்க்க முடியுமா என்றும் கேள். அவன் சைக்கிளால் ஒரு வயோதிபரை இடித்துவிட்டால் அப்போது அதுதான் கைகொடுக்கும்.

வேலை இடத்தையும் விட்டுவிடாதே. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டபோது, வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான பயணத்தில் நடக்கும் விபத்தும் உள்ளே வந்தது. அவன் வழக்கமாகப் போகும் பாதையையும் நேரத்தையும் நிறுவனத்தில் ஒருமுறை எழுத்தில் கொடுத்து வைப்பது நல்லது. தன் பொலிசிக்கான கோரிக்கையைக் கம்பனி நிராகரித்தால், முதலில் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவு, பிறகு இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன். கொழும்பு 01 உலக வர்த்தக மையத்தில் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் இருக்கிறது.

வந்திறங்கிய அன்றைக்கே சைக்கிளைக் கவிழ்த்து, பெடல் அச்சுக் குழாயின் அடியில் குத்தியிருக்கும் பிரேம் இலக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல்லு. வாங்கிய பில்லின் பிரதியும் வேண்டும். இரண்டும் இங்கே ஒரு ஃபைலில் இருக்கட்டும்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லு.

என்றும் உன்,
ரவி