நிழலெல்லாம் டிபி அல்ல

ஆசிரியருக்கு,

என் பெரியப்பாவுக்கு 71 வயது. நாற்பது வருஷப் பீடி. சளியில் ரத்தம் வந்ததும் எக்ஸ்ரே நிழலைப் பார்த்து டிபி மாத்திரை கொடுத்தார்கள். சளியில் கிருமியே இல்லை. ஐந்து மாதம் அட்டை அட்டையாக விழுங்கினார், வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தார். பிறகுதான் சிடி ஸ்கேன், பயாப்ஸி. நுரையீரல் புற்றுநோய், அறுவை சிகிச்சைக் கட்டம் தாண்டியிருந்தது.

அமெரிக்காவில் 55 முதல் 74 வயதுவரையான கடும் புகைப்பழக்கக்காரர்களிடம் நடந்து, 2011இல் வெளியான ஆய்வில், குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் சிடி ஸ்கேன், எக்ஸ்ரே பரிசோதனையோடு ஒப்பிடும்போது, இந்நோய் மரணங்களை 20 சதவீதம் குறைத்தது. இங்கே எல்லோருக்கும் ஸ்கேன் கேட்கவில்லை. கிருமி தென்படாத பீடிக்காரப் பெரியவர்களுக்காவது, மாத்திரை தொடங்குமுன் ஒரு சிடி எடுக்கட்டும்.

– ஒரு வாசகர், தென்காசி